3215031751: ஒன்பது முறை சோதித்தும் பகா எண் என்றே விடை வந்த ஒரு பகு எண்

கேள்வி
எழுதியவர்: எண்தேடி

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாட்களாக ஒரே ஓர் எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை என் நிரலில் இருக்கிறதா, அல்லது அந்த எண்ணின் இயல்பே அப்படித்தானா என்பதைத் தெரிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

2-இன் 32-ஆம் அடுக்கான 4294967296 வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் இரண்டு வழிகளில் கண்டறிந்து, இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நினைத்தேன். முதல் வழி எரட்டோஸ்தனீசின் சல்லடை: ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே போவது. இரண்டாவது வழி மில்லர்–ராபின் சோதனை: சோதிக்கப்படும் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, அதில் உள்ள 2 என்னும் காரணிகளை எல்லாம் வகுத்து நீக்கி, எஞ்சும் ஒற்றைப்படை எண்ணை அடுக்காகக் கொண்டு ஓர் அடிமானத்தை உயர்த்தி, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியைப் பார்ப்பது, மீதி 1 ஆகவோ −1 ஆகவோ (அதாவது சோதிக்கப்படும் எண்ணுக்கு ஒன்று குறைவாகவோ) இருந்தால் எண் தேறியது, இல்லையென்றால் 2-கள் தீரும்வரை அதை மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தி −1 வருகிறதா என்று பார்ப்பது. அடிமானங்களாக 2 முதல் 10 வரையுள்ள ஒன்பது எண்களையும் எடுத்துக்கொண்டேன். 10-க்குக் குறைவான பகா எண்களை மட்டும் தனியே சேர்த்தேன்.

சல்லடை தந்த எண்ணிக்கை 203280221. சோதனை தந்த எண்ணிக்கை 203280222. இருபது கோடிக்கும் மேற்பட்ட எண்களில் ஒன்றே ஒன்று கூடுதலாக வந்திருந்தது. இரண்டு பட்டியல்களையும் வரிசையாக ஒப்பிட்டபோது அகப்பட்ட எண் 3215031751, அதாவது 321 கோடியே 50 இலட்சத்து 31 ஆயிரத்து 751.

சல்லடை இதை 151-ஆல் வகுபடும் என்று நீக்கியிருந்தது. கணினியை நம்பாமல் தாளில் வகுத்துப் பார்த்தேன். 3215-இல் 151 இருபத்தொரு முறை போக மீதி 44. அடுத்த இலக்கத்தை இறக்கினால் 440, அதில் இரண்டு முறை போக 138. பிறகு 1383, 241, 907 என்று போய், 15-இல் ஒரு சுழியத்தைப் போட்டுக் கடைசி இலக்கத்தை இறக்கியபோது சரியாக 151 வந்து மீதியின்றி முடிந்தது. ஈவு 21291601. அந்த ஈவும் 751 × 28351 என்று உடைகிறது. ஆகவே 3215031751 = 151 × 751 × 28351 என்பதில் எனக்கு ஐயமில்லை; இது பகு எண்தான்.

ஆனால் சோதனையில் கிடைத்த மீதிகளைப் பாருங்கள். 2, 4, 5, 8, 9, 10 ஆகிய ஆறு அடிமானங்களுக்கும் மீதி 1. 3, 6, 7 ஆகிய மூன்றுக்கும் மீதி 3215031750, அதாவது −1. ஒன்பதும் தேறிவிட்டன. பகு எண் ஒன்றை ஏமாற்றித் தேறவைக்கும் அடிமானங்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஒன்பது அடிமானங்களும் ஒருசேர ஏமாறுவதற்கான வாய்ப்பு 262144-இல் ஒன்றுதானே? 151 போன்ற சிறிய காரணி ஒன்றை வைத்துக்கொண்டே இந்த எண் எப்படி இத்தனை சோதனைகளையும் தாண்டியது?

மறுமொழி
எழுதியவர்: சல்லடைக்காரன்

நண்பரே, உங்கள் நிரல் சரியாகவே இருக்கிறது. சல்லடை தந்த 203280221 என்ற எண்ணிக்கையும் சரியானது. பெருக்கலின்போது 32 இரும (bit) இலக்கக் கொள்ளளவு மீறப்பட்டிருக்குமோ என்ற ஐயம் உங்களுக்கு எழுந்திருக்கும். அப்படி மீறியிருந்தால் இலட்சக்கணக்கான எண்கள் கோணலாகியிருக்குமே தவிர, ஒன்று மட்டும் தப்பியிருக்காது.

நீங்கள் தனியாகக் கண்டுபிடித்த இந்த எண் துறையில் நன்கு அறியப்பட்டது. பொமெரன்ஸ், செல்ஃபிரிட்ஜ், வாக்ஸ்டாஃப் ஆகிய மூவர் 2500 கோடி வரையுள்ள போலிப் பகா எண்களை (பகா எண் போலவே சோதனையில் தேறிவிடும் பகு எண்களை) ஆராய்ந்து 1980-இல் வெளியிட்ட கட்டுரையில், 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களையும் தாண்டும் பகு எண் அந்த எல்லைக்குள் இது ஒன்று மட்டுமே என்று காட்டினார்கள். உங்களுடைய எல்லை ஏறக்குறைய 429 கோடி. ஆகவே உங்களுக்கும் சரியாக ஒன்றுதான் கிடைத்தாக வேண்டும், கிடைத்திருக்கிறது. காரணத்தை எண்கோட்பாடு அறிந்தவர்கள் விளக்குவார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி
எழுதியவர்: வகுமீதி

எண்தேடி அவர்களுக்கு வணக்கம். மீதிகளை அடிமானம் அடிமானமாகக் குறித்துக் கொடுத்திருப்பது பெரிய உதவி, ஏனென்றால் 3, 6, 7 ஆகியவற்றுக்கு மட்டும் −1 வந்திருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

காரணிகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவற்றிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 150, 750, 28350 ஆகிய மூன்று எண்களைக் கவனியுங்கள். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி, 151-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் 150-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 151-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 150-இன் மடங்காக உள்ள எந்த அடுக்குக்கும் அதே மீதிதான் வரும். நம் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 3215031750 என்பது 150-இன் 21433545 மடங்கு, 750-இன் 4286709 மடங்கு, 28350-இன் 113405 மடங்கு. மூன்றாலும் அது மீதியின்றி வகுபடுகிறது. இவ்வளவு பெரிய எண்ணை வகுக்காமலே இதைச் சரிபார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரு காரணியை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் பெருக்கி, விட்ட காரணிக்கு ஒன்று குறைவான எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 151 × 751 = 113401; இது 4 × 28350-ஐவிடச் சரியாக ஒன்று கூடுதல். மற்ற இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அவற்றுக்குரிய நிபந்தனையைக் கோர்செல்ட் 1899-இல் எழுதினார். கார்மைக்கேல் 1910-இல் எடுத்துக்காட்டுகளோடு வந்தார். இவை முடிவில்லாமல் உள்ளன என்பதை ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமெரன்ஸ் ஆகியோர் 1994-இல்தான் நிறுவினார்கள். எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்கில் மீதி 1 வருகிறதா என்று மட்டும் பார்க்கும் ஃபெர்மா சோதனை இவற்றிடம் முற்றிலும் தோற்றுவிடும். காரணிகளில் ஒன்றின் மடங்கையே அடிமானமாகத் தற்செயலாக எடுத்தாலொழிய மீதி எப்போதும் 1 என்றே வரும்; நம் எண்ணுக்கு அத்தகைய அடிமானங்கள் மொத்தம் 25656750, நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் மில்லர்–ராபின் சோதனை கார்மைக்கேல் எண்களையும் பிடிப்பதற்காகத்தானே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். மிகச் சிறிய கார்மைக்கேல் எண்ணான 561-ஐ எடுத்துக்கொள்வோம். 560 = 16 × 35. 2-ஐ 35-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 561-ஆல் வகுத்தால் மீதி 263. அதை வர்க்கப்படுத்தினால் 166. மீண்டும் வர்க்கப்படுத்தினால் 67. மீண்டும் வர்க்கப்படுத்தினால் 1. பகா எண் எதுவானாலும், வர்க்கப்படுத்தி 1 வரக்கூடிய மீதிகள் 1, −1 ஆகிய இரண்டு மட்டுமே. இங்கே 67 என்னும் மூன்றாவது ஒன்று நடுவில் வந்து நிற்பதால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. 560-இல் நான்கு முறை 2 இருந்ததால் நான்கு படிகளில் இறங்கிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அந்தப் படிகளில் ஒன்றில் உண்மை தெரிந்தது.

நம் எண்ணுக்கு அந்தப் படிகளே இல்லை. 3215031750 = 2 × 1607515875; இரண்டாவது காரணி ஒற்றைப்படை. ஒரே ஒரு 2-தான் இருக்கிறது. ஆகவே 1607515875-ஆம் அடுக்கில் மீதி 1 அல்லது −1 ஆக இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு சோதனை முடிந்துவிடுகிறது. இதோடு 150, 750, 28350 ஆகியவற்றிலும் ஒரே ஒரு 2-தான் உள்ளது. அவற்றின் பாதிகளான 75, 375, 14175 மூன்றும் ஒற்றைப்படை எண்கள். 1607515875 இந்த மூன்று பாதிகளுக்கும் மடங்கு, அதிலும் ஒற்றைப்படை மடங்கு.

இப்போது ஆய்லர் தந்த விதி ஒன்று வேண்டும். ஓர் எண்ணை 75-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 151-ஆல் வகுத்தால் வரும் மீதி, அந்த எண் 151-இன் கீழ் இருபடி எச்சமாக இருந்தால் 1, இல்லாவிட்டால் −1. இருபடி எச்சம் என்பது, ஏதேனும் ஒரு வர்க்கத்தை 151-ஆல் வகுக்கும்போது மீதியாக வரக்கூடிய எண். எடுத்துக்காட்டாக, 46-இன் வர்க்கம் 2116. அது 14 × 151-ஐவிட 2 கூடுதல். எனவே 2 இருபடி எச்சம். 55-இன் வர்க்கம் 3025. அது 20 × 151-ஐவிட 5 கூடுதல். எனவே 5-உம் இருபடி எச்சம். 3-ஐயும் 7-ஐயும் மீதியாகத் தரும் வர்க்கம் எதுவும் இல்லை. ஒற்றைப்படை மடங்கு அடுக்குக்கு உயர்த்தினால் 1 என்பது 1 ஆகவும், −1 என்பது −1 ஆகவுமே நீடிக்கும். ஆகவே உங்கள் சோதனை உண்மையில் செய்தது இதுதான்: ஓர் அடிமானத்துக்கு 151, 751, 28351 ஆகிய மூன்றிடமும் தனித்தனியே ஒரு குறியைக் கேட்டது. மூன்றும் கூட்டல் குறியைச் சொன்னால் மொத்த மீதி 1. மூன்றும் கழித்தல் குறியைச் சொன்னால் மொத்த மீதி −1. கருத்து வேறுபட்டால் மட்டுமே எண் மாட்டிக்கொள்ளும்.

மூன்று காரணிகளும் ஒரே குரலில் பேசியதற்கு அவற்றின் மீதிகள்தாம் காரணம். மூன்றையும் 8-ஆல் வகுத்தால் மீதி 7. எனவே 2-க்கு மூன்றும் கூட்டல் குறி. மூன்றையும் 12-ஆல் வகுத்தால் மீதி 7. எனவே 3-க்கு மூன்றும் கழித்தல் குறி. மூன்றின் கடைசி இலக்கமும் 1. எனவே 5-க்கு மூன்றும் கூட்டல் குறி. 7-ஆல் வகுத்தால் மீதிகள் முறையே 4, 2, 1 என்று வேறுபடுகின்றன. ஆனாலும் இந்த மூன்றுமே 7-இன் கீழ் இருபடி எச்சங்கள், 7-உம் நம் காரணிகளும் 4-ஆல் வகுக்கும்போது 3-ஐ மீதியாகத் தருபவை. அத்தகைய நிலையில் குறி தலைகீழாகும் என்பது காஸ் 1801-இல் வெளியிட்ட நூலில் நிறுவிய விதி. எனவே 7-க்கு மூன்றும் கழித்தல் குறி. நீங்கள் பட்டியலிட்ட மீதிகள் இதனோடு அச்சாக ஒத்துப்போகின்றன.

இன்னொன்று. இந்தக் குறிகள் பெருக்கலுக்கு உட்பட்டவை. 2-க்கும் 3-க்கும் குறி தெரிந்துவிட்டால் 6-க்குத் தெரிந்துவிடும். 4, 8, 9, 10 ஆகியவையும் அப்படியே. எனவே நீங்கள் ஒன்பது சோதனைகள் செய்ததாக எண்ணினாலும், புதிதாகச் செய்தவை நான்கே. 2, 3, 5, 7 தேறியவுடன் மற்ற ஐந்தும் தேறியே தீரும். அவற்றுக்கு வேறு வழியில்லை.

மறுமொழி
எழுதியவர்: எண்தேடி

மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைத் தாளில் ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். 2-க்கு இன்னும் எளிய வழி ஒன்று கிடைத்தது: 2-இன் 15-ஆம் அடுக்கு 32768, அதில் ஒன்று குறைத்தால் 32767 = 151 × 217. எனவே 15-இன் மடங்கான எந்த அடுக்குக்கும் 151-இன் கீழ் மீதி 1. 1607515875 என்பது 15-இன் மடங்கு.

அடுத்ததாக 11-ஐ எடுத்துக்கொண்டேன். 39-இன் வர்க்கம் 1521. அது 10 × 151-ஐவிட 11 கூடுதல். எனவே 151 கூட்டல் குறி சொல்கிறது. 751-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 3, 28351-ஐ வகுத்தால் மீதி 4. இரண்டும் 11-இன் கீழ் இருபடி எச்சங்கள், நீங்கள் சொன்ன தலைகீழ் விதிப்படி இரண்டும் கழித்தல் குறி சொல்கின்றன. முதன்முதலாகக் கருத்து வேறுபாடு! நிரலில் 11-ஐக் கொடுத்தபோது மீதி 2129160099 என்று வந்தது. இது 1-உம் அன்று, −1-உம் அன்று.

அந்த எண்ணை உற்றுப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அதோடு 1-ஐக் கூட்டினால் 2129160100. அதாவது 21291601-இன் சரியாக 100 மடங்கு. நான் முதலில் 151-ஆல் வகுத்தபோது கிடைத்த ஈவு அதே 21291601 அல்லவா? 1-ஐக் கழித்தால் 2129160098. இது 151-இன் 14100398 மடங்கு. எண்ணையே உடைத்து இரண்டு பக்கமும் வைத்ததுபோல் இருக்கிறது. இது தற்செயலா?

மறுமொழி
எழுதியவர்: வகுமீதி

தற்செயல் அன்று. 11-க்கு 151 மட்டும் கூட்டல் குறி சொன்னதால், அந்த மீதியிலிருந்து 1-ஐக் கழித்தால் 151-ஆல் வகுபடும். மற்ற இரண்டும் கழித்தல் குறி சொன்னதால், 1-ஐக் கூட்டினால் 751-ஆலும் 28351-ஆலும் வகுபடும். காரணிகள் தெரியாத நிலையிலும், 2129160098-க்கும் 3215031751-க்கும் மீப்பெரு பொது வகுத்தி கண்டால் 151 கைக்கு வந்துவிடும். பொதுவாக மில்லர்–ராபின் சோதனை ஓர் எண்ணைப் பகு எண் என்று மட்டும் சொல்லும், காரணியைச் சொல்லாது. கார்மைக்கேல் எண்களோ பிடிபடும்போது, அடிமானம் காரணிகளின் மடங்காக இல்லாதவரை, காரணியையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

262144-இல் ஒன்று என்ற உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. நான்கில் ஒரு பங்கு என்ற வரம்பு உண்மையானது. ராபின் 1980-இல் அதை நிறுவினார். அதைவிட வியப்பு என்னவென்றால், நம் எண் அந்த வரம்பைத் தொட்டே நிற்கிறது. மூன்று காரணிகளோடும் பொதுக் காரணி இல்லாத அடிமானங்கள் 150 × 750 × 28350 = 3189375000. அவை மூன்று குறிகளின் எட்டு விதமான அமைப்புகளாகச் சமமாகப் பிரிகின்றன. மூன்றும் கூட்டல், மூன்றும் கழித்தல் ஆகிய இரண்டு அமைப்புகள் மட்டும் நம்மை ஏமாற்றும். எட்டில் இரண்டு, அதாவது சரியாக நான்கில் ஒன்று: 797343750 அடிமானங்கள். எண்ணின் மொத்த அளவோடு ஒப்பிட்டால் இது 24.8 விழுக்காடு.

ஆனால் அந்த வரம்பு, எண்ணை முதலில் நிறுத்திவைத்துவிட்டு அடிமானத்தைக் குருட்டாம்போக்கில் எடுப்பவருக்கு உரியது. நீங்கள் செய்தது அதற்கு நேர்மாறு: அடிமானங்களை முதலிலேயே நிலையாக வைத்துவிட்டு, 429 கோடி எண்களை ஒவ்வொன்றாக அவற்றின் முன் நிறுத்தினீர்கள். அங்கே வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓர் எண் அந்த நான்கு அடிமானங்களைத் தாண்டும் அல்லது தாண்டாது, எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான். மாறாக, இதே எண்ணை நிறுத்திவைத்து நான்கு அடிமானங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி எடுத்திருந்தால், நான்கும் ஏமாறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 264-இல் ஒன்று. சிறிய பகா எண்களுக்குள் இப்படி ஒற்றுமை அமைவது, 8, 12, 5, 7 போன்ற சிறிய எண்களால் வகுக்கும்போது காரணிகள் தரும் மீதிகளைப் பொறுத்தது என்று மேலே பார்த்தோம். அந்த மீதிகள் ஒத்துப்போகும் மூன்று பகா எண்களைத் தேடி எடுத்தால் இத்தகைய எண்ணை வேண்டுமென்றே உருவாக்கவும் முடியும்.

மறுமொழி
எழுதியவர்: நிரல்வழி

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 151-ஆல் வகுத்தாலே மாட்டிவிடும் எண்ணுக்காக இவ்வளவு பெரிய ஆராய்ச்சி தேவையா? 151 என்பது முப்பத்தாறாவது பகா எண். சோதனைக்கு முன்பாக முதல் ஐம்பது பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது எல்லா நிரல்களிலும் உள்ள வழக்கம்தான். அதைச் செய்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மறுமொழி
எழுதியவர்: சல்லடைக்காரன்

நிரல்வழி அவர்களே, நீங்கள் சொல்வது இந்த எண்ணுக்குப் பொருந்தும். ஆனால் அந்த வழக்கம் சோதனையை விரைவாக்குவதற்கு உரியது, அதன் ஓட்டையை அடைப்பதற்கு உரியதன்று. 2, 3 ஆகிய இரண்டையும் தாண்டும் மிகச் சிறிய பகு எண் 1373653 = 829 × 1657. 2, 3, 5 ஆகிய மூன்றையும் தாண்டும் மிகச் சிறியது 25326001 = 2251 × 11251. இவற்றில் எதுவும் முதல் ஐம்பது பகா எண்களால் வகுபடாது. இங்கேயும் 1656 என்பது 828-இன் இரு மடங்கு, 11250 என்பது 2250-இன் ஐந்து மடங்கு. 750 என்பது 150-இன் ஐந்து மடங்காகவும் 28350 என்பது அதன் 189 மடங்காகவும் இருப்பதைப் போன்ற உறவுதான். காரணி சிறியதா பெரியதா என்பதைவிட இந்த உறவே முக்கியம் என்பதால்தான் வகுமீதி அவர்கள் அவ்வளவு விரிவாக எழுதினார்.

எண்தேடியின் நிரலுக்கான தீர்வு எளிது. 32 இரும எண்களுக்கு 2, 3, 5, 7 ஆகியவற்றை வைத்துக்கொண்டு 3215031751 என்ற ஒன்றை மட்டும் விலக்கிவிடலாம். அதன்பின் விடை ஊகமாக இல்லாமல் நிறுவப்பட்டதாக இருக்கும். விலக்கு வைக்க விருப்பமில்லை என்றால் 2, 7, 61 ஆகிய மூன்றே அடிமானங்கள் போதும். அம்மூன்றையும் தாண்டும் மிகச் சிறிய பகு எண் 4759123141 என்று யேஷ்கே 1993-இல் காட்டினார், அது 4294967296-ஐவிடப் பெரியது. 61 நம் எண்ணை ஏன் பிடிக்கிறது என்றால், அதற்கு 151 கழித்தல் குறி சொல்கிறது, 751 கூட்டல் குறி சொல்கிறது. 64 இரும எண்களுக்கு 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களும் போதுமானவை.

அதற்கும் மேலே போகும்போது நிலையான பட்டியலை நம்பக் கூடாது. 307-க்குக் குறைவான பகா எண் அடிமானங்கள் அனைத்தையும் தாண்டும் 397 இலக்கப் பகு எண் ஒன்றை ஆர்னோ என்பவர் 1995-இல் கட்டியமைத்துக் காட்டியிருக்கிறார். அதுவும் மூன்று காரணிகள் கொண்ட கார்மைக்கேல் எண்தான். பெரிய எண்களைச் சோதிப்பவர்கள் அடிமானங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தப்படுவது இதனால்தான்.

மறுமொழி
எழுதியவர்: எண்தேடி

விலக்கைச் சேர்த்துவிட்டேன், இரண்டு எண்ணிக்கைகளும் இப்போது 203280221 என்றே வருகின்றன. 2, 7, 61 கொண்டும் ஓட்டினேன், அதே விடை.

11-ஐயும் சேர்த்து ஐந்து அடிமானங்களைத் தாண்டும் மிகச் சிறிய பகு எண் எது என்று தேடியபோது 2152302898747 என்று கிடைத்தது. அதன் காரணிகள் 6763, 10627, 29947. வகுமீதி அவர்கள் சொன்ன சுருக்கு வழியை நேற்றிரவு இதில் போட்டுப் பார்த்தேன். 6763 × 10627 = 71870401; இது 29946-இன் 2400 மடங்கைவிடச் சரியாக ஒன்று கூடுதல். மற்ற இரண்டு இணைகளிலும் மீதி 1 வந்தது. எனவே இதுவும் கார்மைக்கேல் எண். ஒன்று குறைத்துப் பாதியாக்கினால் 3381, 5313, 14973, மூன்றும் ஒற்றைப்படை. மூன்று காரணிகளையும் 8-ஆல் வகுத்தால் மீதி 3, 12-ஆல் வகுத்தால் மீதி 7, 7-ஆல் வகுத்தால் மீதி 1. இந்த முறை 2, 3, 5, 7, 11 ஆகிய ஐந்துக்குமே மூன்றும் கழித்தல் குறி சொல்கின்றன. ஐந்து மீதிகளும் 2152302898746.

பிறகு 13-ஐ எடுத்தேன். அதற்கு 6763 கூட்டல் குறி சொல்கிறது, மற்ற இரண்டும் கழித்தல் குறி சொல்கின்றன. முந்தைய எண்ணில் 11 செய்த அதே வேலையை இங்கே 13 செய்கிறது: மீதியிலிருந்து 1-ஐக் கழித்து, மீப்பெரு பொது வகுத்தி கண்டேன், 6763 தனியாகக் கழன்று வந்தது.